மறுநடவு காணாத கப்பல்கள்

மோரிப் கடற்கரையில் கடல் வற்றும் நேரத்தில் போய் நிற்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சேறுதான். வெகுதூரம் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்கும் அந்தச் சேற்றுக்கு அப்பால் ஒரு கோடு போலக் கடலும், அதற்கும் அப்பால் அடிவானத்தை ஒட்டிக் கிள்ளான் துறைமுகத்தை நாடி வருவனவும் அதைவிட்டு நீங்கிச் செல்வனவுமாகிய சரக்குக் கப்பல்களின் ஊர்வலமும் தெரியும். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பானியர் ஏற்கெனவே சரணடைந்துவிட்ட பிறகு, மலாயாவை மீட்க வந்த பிரிட்டிஷ் படை இறங்கிய கரை இது. எதிர்த்து நிற்க ஆளில்லாத அந்த நாளிலும், கப்பல்களிலிருந்து இறக்கிய வண்டிகள் பல இந்தச் சேற்றில் புதைந்து நின்றன என்பது சரித்திரம். சாம்ராஜ்யத்தின் பெரிய கப்பல்களுக்கே வசப்படாத இந்தக் கரை, ஆழமில்லாத நீரில் மிதக்கத் தெரிந்த சிறு கலங்களுக்குத்தான் இன்றைக்கும் இடங்கொடுக்கிறது. ஆகவே பந்திங் வாசிகளாகிய நாம் கடற்படை என்று சொல்லும்போது நம் மனத்தில் எழவேண்டிய சித்திரம், லுமுட் தளத்தில் கட்டி நிறுத்தியிருக்கும் பெரும்போர்க் கப்பலைவிட, நூறு அடி நீளமுள்ள ஒரு ரோந்துக் கப்பலின் சித்திரமே.

அந்தச் சிறு கப்பல் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைவூட்டினால் போதும். நோன்பு மாதம் பிறக்குமுன் சொந்த ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற ஆவலில், அனுமதிப் பத்திரம் ஏதுமின்றித் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஏறிச் சென்ற மரப்படகு ஒன்று, பந்திங்குக்கு அருகில் சுங்கை ஆயர் ஹீத்தாம் பக்கத்துக் கடலில் இரவில் மூழ்கியது. பலர் மாண்டனர், எஞ்சியவர்களை இருட்டில் தேடி எடுத்தவை ரோந்துக் கலங்கள்தாம். படகு கரையை விட்டுப் புறப்படும்போதே அருகில் ஒரு ரோந்துக் கப்பல் சுற்றிக்கொண்டிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும். சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமானால் கப்பல்கள் எண்ணிக்கையில் போதுமானவையாகவும், இருப்பவை ஓடக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். ஆண்டொன்றுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து செல்லும் மலாக்கா நீரிணையின் கரையில் குடியிருக்கிறவர்களுக்கு இது தூரதேசத்து ராணுவ விஷயமன்று.

இந்தப் பீடிகைக்குக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டு 25ஆம் தேதி, ஜொகூர் மாநிலத்தில் தஞ்சோங் பெஞ்ஞுசோப் முனைக்குத் தென்கிழக்கே இரண்டு கடல் மைல் தொலைவில், கேடி பெண்டேக்கார் என்னும் கடற்படைக் கப்பல் நீர் புகுந்து மூழ்கியது. நீருக்கடியில் இருந்த ஏதோ ஒரு பொருளில் அது மோதியிருக்கலாம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கப்பலில் இருந்த 39 பேரும் உயிர் தப்பினார்கள். அது நம் பாக்கியம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எனக்கு மோதியது எது என்பதைவிட மோதப்பட்டது எது என்பதே பெரிய விஷயமாகத் தோன்றியது. சுவீடனில் கார்ல்ஸ்குரோனா கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1979இல் சேவையில் சேர்ந்த கப்பல் அது. மூழ்கிய அன்று அதற்கு வயது நாற்பத்தைந்து. அதன் உடன்பிறப்புகளாகிய மற்ற மூன்று ஹண்டாலான் வகுப்புக் கப்பல்களுக்கும் அதே பிராயம். பிரான்சிலிருந்து 1972, 73ஆம் ஆண்டுகளில் வந்த பெர்டானா வகுப்பு நான்குக்கும் ஐம்பது கடந்துவிட்டது. 1976, 77இல் சேர்ந்த ஜெரோங் வகுப்பு ஆறையும் கூட்டினால், நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா கார் சாலையில் ஓடுமுன்பே கடலில் ஓடத் தொடங்கிய விரைவுத் தாக்குதல் கலங்கள் பதினான்கு என்று கணக்கு வருகிறது. அவற்றில் ஏவுகணை சுமந்து பகைவனை நோக்கிப் பாய்வதற்கென்று வாங்கிய கலங்கள்கூட, ஏவுகணைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வயோதிகத்தில் ரோந்துக் காவல்காரர்களாக உத்தியோகம் பார்த்து வந்தன.

ஒரு ரோந்துக் கப்பலின் ஆயுள் எத்தனை ஆண்டு? இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பது என்பது உலகெங்கும் கப்பல் கட்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் பொதுக் கணக்கு. அது ஏன் அவ்வளவுதான் என்பதைச் சற்று விவரமாகப் பார்க்கலாம். வெதுவெதுப்பான உப்பு நீர் இரும்பைத் தின்னும். கப்பலின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைத்து, எஃகுக்குப் பதிலாக அவற்றையே கடலுக்கு இரையாகக் கொடுப்பார்கள். அவை கரைந்ததும் மாற்றாவிட்டால் கடல் எஃகின்மேல் கை வைக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைத்து எண்ணெய்ச் செலவை ஏற்றும். இதற்காகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலை உலர்துறையில் ஏற்றி, அடிப்புறத்தைச் சுரண்டிச் சாயம் பூசி, ஒலியலைக் கருவியால் தகடுகளின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, மெலிந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிறார்கள். விரைவுக் கலங்களுக்கு இதற்கு மேலும் ஒரு வியாதி உண்டு: அலைமேல் பாய்ந்து பாய்ந்து விழும்போது ஒவ்வோர் அடியும் உடற்சட்டத்தில் தங்கிவிடுகிறது; கண்ணுக்குத் தெரியாத அந்தக் களைப்பு ஒருநாள் விரிசலாக வெளிப்படும். எஞ்சினுக்கோ ஆண்டுக் கணக்கு கிடையாது, மணிக் கணக்குத்தான். இத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியதும் பிரித்துப் பூட்ட வேண்டும். முதல் பத்தாண்டில் பிரித்துப் பூட்ட வேண்டிய உதிரிப் பாகங்கள் கடையில் கிடைக்கும். முப்பதாம் ஆண்டில் அந்தப் பாகத்தைச் செய்த தொழிற்சாலையே வேறு சரக்குக்கு மாறியிருக்கும். அப்போது என்ன செய்வார்கள்? தங்கைக் கப்பலிலிருந்து கழற்றி அக்காள் கப்பலுக்குப் பூட்டுவார்கள். ஒன்று ஓடும், ஒன்று துறையில் நிற்கும், கணக்கில் மாத்திரம் இரண்டு.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கேரித்தீவுத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் மோரிப் பக்கம் காற்று வாங்க வருவார். பெண்டேக்கார் மூழ்கிய வாரத்தில் இந்த வயதுக் கணக்கையெல்லாம் நான் அவரிடம் ஒப்பித்தபோது, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, கப்பலுக்கெல்லாம் பீல்டு பலகை வைக்க மாட்டாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தோட்டப்புறம் அறியாத வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு பீல்டுக்கும் தலைமாட்டில் ஒரு பலகை நிற்கும். அதில் நடவு செய்த ஆண்டு எழுதியிருக்கும். செம்பனை மூன்றாம் ஆண்டில் குலை தள்ளத் தொடங்கி, இருபத்தைந்து வயதுவரை இலாபத்தோடு பலன் தரும். அதன்பின்னும் மரம் சாவதில்லை, குலையும் தள்ளும். ஆனால் நெடுங்கழியில் கட்டிய அரிவாளுக்கும் எட்டாத உயரத்துக்கு அது போய்விடும், விளைச்சல் குறையும், வெட்டுக் கூலி ஏறும். ஆகவே நிர்வாகம் மரம் தானாக விழும்வரை காத்திராமல், பச்சையாய் நிற்கும்போதே அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் சாய்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு வருமானமே இராது. ஆதலால் நூற்றுக்கு நான்கு ஏக்கர் என்ற விகிதத்தில் ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே வந்தால், இருபத்தைந்து ஆண்டில் தோட்டம் முழுவதும் ஒருமுறை புதிதாகிவிடும். எந்த ஆண்டிலும் கஜானா காலியாகாது. கிராணியின் பேரேட்டில் இந்தக் கணக்குத் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேரேட்டைக் கடற்படைக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது கப்பல் உள்ள ஒரு படை என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து ஆண்டு ஆயுளுக்கு ஆண்டுக்கு இரண்டு புதுக் கப்பல் சேர வேண்டும். நடந்தது என்ன? தொண்ணூறுகளில் போட்ட திட்டத்தின்படி 27 புதிய தலைமுறை ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜெர்மானிய வரைபடத்தைக் கொண்டு கட்டப்பட்ட அவற்றில் முதல் இரண்டாகிய கேடி கெடாவும் கேடி பகாங்கும் 2006இல் சேவையில் சேர்ந்தன. ஆறாவதாகிய கேடி சிலாங்கூர் 2010இல் வந்ததோடு வரிசை நின்றுவிட்டது. எஞ்சிய இருபத்தொன்று காகிதத்திலேயே தங்கின. பிறகு கரையோரப் போர்க் கப்பல்கள் ஆறுக்கு 900 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதல் கப்பல் 2019இல் கைக்கு வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது 600 கோடி வெள்ளிக்கு மேல் கொடுக்கப்பட்டிருந்தது, ஒரு கப்பல்கூட முடிந்திருக்கவில்லை. இந்தக் காரியத்தின் குற்றம் குறைகளை விசாரிப்பது என் நோக்கமன்று. அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. பயிற்சிக் கப்பல்கள் இரண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், 2010க்கும் சீனத்தில் கட்டிய கேடி கெரிஸ் 2020இன் வாசலில் வந்து சேர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டு ரோந்துக்கென்று ஒரு புதுக் கப்பலும் நடப்படவில்லை என்பதையே இங்கே கவனிக்கச் சொல்கிறேன். பத்தாண்டு மறுநடவு நின்றுபோன தோட்டத்தின் கிராணியைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பதினைந்து ஆண்டு அந்தத் தோட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பேரேட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி இல்லாமலில்லை. கொன்புரொண்டாசி என்று அறியப்பட்ட இந்தோனேசியப் பகைமை மூண்ட அறுபதுகளில், கரையோரக் காவலுக்கென்று போர்ட்ஸ்மத்தில் வாஸ்பர் கம்பெனி கட்டிய ரோந்துக் கப்பல்கள் 1963 தொடங்கி 1968 வரை தொகுதி தொகுதியாக வந்து சேர்ந்தன. நீளம் 103 அடி. மாலுமிகள் இருபது பேருக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் நாற்பது மில்லிமீட்டர் பீரங்கி. வேகம் மணிக்கு 25 கடல் மைலை எட்டும். மிதக்க ஆறடி நீர் போதும் என்பதால் நம் கரைக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டவை போல அமைந்தன. ஸ்ரீ கெடா, ஸ்ரீ சிலாங்கூர், ஸ்ரீ பேராக் என்று மாநிலங்களின் பெயரிலும், கிரிஸ், சுண்டாங், பாடேக், ரெஞ்சோங் என்று ஆயுதங்களின் பெயரிலும் ஐந்தாறு ஆண்டுக்குள் இருபத்து நான்கு கப்பல்கள். புதிதாய்ப் பிறந்த ஏழை நாடு அது. ஆயினும் வேண்டும் என்று தீர்மானித்ததும் வேண்டிய எண்ணிக்கையில் வாங்கியது. அந்தத் தொகுதிகளில் கடைசி வந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1967 டிசம்பரில், முப்பத்தொரு வயதுத் தமிழராகிய கே. தனபாலசிங்கம் மலேசியக் கடற்படையின் முதல் உள்நாட்டுத் தலைவராகப் பதவியேற்றார். 1976 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். பெர்டானா வகுப்பு வந்ததும் அவர் காலத்தில்தான். அவர் காலத்தில் இளமையாய் வந்த கலங்கள் அவர் ஓய்வு பெற்று அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயிலும் பட்டியலில் இருந்தன என்பதைப் பெருமை என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்பதை வாசகர்களின் யோசனைக்கு விடுகிறேன். வாஸ்பர் கப்பல்களில் ஸ்ரீ பேராக் மட்டும் முந்திக்கொண்டது: 1984 ஜனவரியில் தென் சீனக் கடலின் கொந்தளிப்பில் அது மூழ்கியது.

மற்றவற்றின் கதைதான் விசித்திரமானது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தோன்றி 2005 நவம்பரில் வேலை தொடங்கியபோது, அதற்குக் கப்பல் வேண்டியிருந்தது. கடற்படையிலோ வயதான கப்பல்கள் இருந்தன. ஆகவே வாஸ்பர் கப்பல்கள் பலவற்றுக்கு வெள்ளை வர்ணம் பூசி, தீவுகளின் பெயர்களைச் சூட்டி, புதிய நிறுவனத்துக்குத் தத்துக் கொடுத்தார்கள். எண்பதுகளில் கட்டிய பெரிய ரோந்துக் கப்பல்கள் இரண்டு, முஷ்தாரியும் மாரிக்கும், லங்காவி என்றும் பாங்கி என்றும் பெயர் மாறின. பின்னர் ஜப்பானின் கரையோரக் காவற்படை கால் நூற்றாண்டு ஓட்டி முடித்த இரண்டு கப்பல்கள் நன்கொடையாக வந்து பெக்கான் என்றும் ஆராவ் என்றும் நாமகரணம் பெற்றன. அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் 1968 முதல் 2024 வரை உழைத்து ஓய்ந்த ஸ்டெட்ஃபாஸ்ட் என்ற கப்பலும் பெண்டாஹாரா என்ற பெயரில் நமக்கு வழங்கப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய கரேஜியஸ் 2004லேயே இலங்கைக் கடற்படைக்குப் போய் சமுதுர ஆகிவிட்டது. சம்பந்தி முறையில் நாமும் கொழும்பும் இப்போது உறவு. தானமாக வந்ததன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரியாதையல்ல, நானும் பார்க்கவில்லை. ஆனால் தகட்டின் கனத்தை அளந்து பார்ப்பது அவசியம். பெயர் மாறினால் ஜாதகம் மாறலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. பிறந்த ஆண்டு மாறும் என்று நம்புகிறவர்கள் நம் அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறார்கள். கடற்படை ஒரு பழைய கப்பலைக் குறைத்துக் கணக்குக் காட்டுகிறது. அமலாக்க நிறுவனம் ஒரு கப்பலைக் கூட்டிக் கணக்குக் காட்டுகிறது. கடலில் இருப்பது அதே பழைய கப்பல்.

பழையது என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1943இல் சேவையில் சேர்ந்து, ஜப்பானின் கைக்கு மாறி, பின் பிலிப்பீன்ஸ் கடற்படையில் ராஜா ஹுமாபோன் என்ற பெயரோடு 2018 வரை இருந்த கப்பல் ஒன்று உண்டு. மனிதன் மனம் வைத்தால், பணமும் வைத்தால், எஃகை எழுபத்தைந்து ஆண்டும் மிதக்கவிட முடியும். ஆனால் அந்தப் பணம் எவ்வளவு? முதுமையில் கப்பலுக்கு ஆகும் செலவு ஆண்டுதோறும் ஏறும். அது கடலில் நிற்கும் நாட்களோ ஆண்டுதோறும் குறையும். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அதுதான் அதன் ஆயுள். மிதப்பது வேறு, சேவை செய்வது வேறு. சொல்லப்போனால் மிதப்பதும்கூடத் தானாக நடப்பதில்லை: 2004இல் ஓய்வு பெற்று லுமுட்டில் காட்சிப்பொருளாகக் கட்டி வைத்திருந்த கேடி ரஹ்மாட், 2025இன் தொடக்கத்தில் நீர் புகுந்து கட்டிய இடத்திலேயே சரிந்தது. கவனிப்பார் இல்லாவிட்டால் ஓய்வூதியக் கப்பலும் மூழ்கும்.

நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜீர்ணோத்தாரணம் செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் என்று ஒரு சடங்கு செய்வார்கள். மூலஸ்தானத்தில் வேலை நடக்கும் மாதங்களில் வழிபாடு நின்றுவிடாதபடி, சாந்நித்தியத்தைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கடற்படை சாஸ்திரத்திலும் இதற்குச் சமமான விதி உண்டு. ஒரு கப்பல் எப்போதும் கடலில் நிற்க வேண்டுமானால் மூன்று கப்பல் வேண்டும்: ஒன்று கடலில், ஒன்று திரும்பிவந்து ஆயத்தத்தில், ஒன்று உலர்துறையில். இருபத்தேழு கப்பல் இருந்தால் ஒன்பது கடலில் நிற்கும். ஆறு மட்டும் இருப்பதால் இரண்டு நிற்கும். இரண்டு போதாதபோது, உலர்துறைக்குப் போக வேண்டிய மூன்றாவதையும் இன்னும் ஒரு பருவம் ஓடட்டும் என்று அனுப்புவார்கள். அதன் பராமரிப்புத் தள்ளிப்போகும். தள்ளிப்போனதன் வட்டி அதன் உடம்பில் ஏறும். புதுக் கப்பலின் தாமதம் பழைய கப்பலை இப்படித்தான் தின்கிறது. ஒரு கப்பலை முதுமையாக்குவதில் கடலின் பங்கைவிட, குளிரூட்டிய அறைகளில் கையெழுத்தாகாமல் கிடந்த கோப்புகளின் பங்கு அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

இதற்குப் பரிகாரம் புதிய புதிய திட்டப் பெயர்களில் இல்லை. ஒரு கப்பல் சேவையில் சேரும் நாளிலேயே அது ஓய்வு பெறும் ஆண்டையும் அறிவித்துவிட வேண்டும். அரசாங்க ஊழியருக்கு அறுபது என்று எழுதிவைக்கிறவர்களுக்கு இது அரிதான காரியமன்று. அந்த ஆண்டுக்கு எட்டு ஆண்டு முன்பாவது அதற்குப் பதில் கப்பலுக்கு உத்தரவு போயாக வேண்டும். ஏனெனில் நம் அனுபவத்தில் உத்தரவுக்கும் கப்பலுக்கும் இடையே அவ்வளவு காலம் ஆகிறது, அதற்கு மேலும் ஆகிறது. ஓய்வு ஆண்டைத் தாண்டி ஒரு கப்பலை ஓட்ட நேர்ந்தால், ஒவ்வோர் ஆண்டும் அதன் தகட்டுக் கனமும் எஞ்சின் மணிக் கணக்கும் கடலில் நின்ற நாட்களும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். ராணுவ ரகசியம் என்று சொல்வார்கள். கப்பலின் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்பது ரகசியமாக இருக்கட்டும். கப்பலின் வயது ரகசியமாகாது, பகைவனுக்கு அது முன்பே தெரியும். தெரியாமல் இருப்பது அதில் ஏறிச் செல்லும் மாலுமியின் தாய்க்குத்தான்.

ஒரு நல்ல அறிகுறியும் உண்டு. 2020 முதல் 2022க்குள் வந்த நான்கு சிறு கப்பல்களுக்குக் கெரிஸ், சுண்டாங், பாடேக், ரெஞ்சோங் என்றே பெயர் வைத்தார்கள். அறுபதுகளின் வாஸ்பர் கப்பல்கள் நான்கின் பெயர்கள் அவை. பெயரளவில் மறுநடவு தொடங்கியிருக்கிறது. நான்கு பீல்டுக்கு ஆயிற்று.

மலாக்காவுக்குப் போகிற பந்திங் வாசகர்கள் அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் கேடி ஸ்ரீ திரெங்கானுவைப் பிள்ளைகளோடு பார்த்துவர வேண்டும். 103 அடி என்பது எவ்வளவு சிறியது, அதில் இருபது பேர் நாட்கணக்கில் எப்படிக் குடித்தனம் செய்தார்கள் என்பது பார்த்தால்தான் விளங்கும். பார்த்துவிட்டு வந்தபின், வரவு செலவுத் திட்டக் கூட்டம் தொடங்குமுன், கோல லங்காட் வட்டாரத்தில் உங்கள் வாக்கைப் பெற்றவரிடம் அந்தக் கிராணியின் கேள்வியை ஒட்டி இதைக் கேளுங்கள்: எந்தக் கப்பலுக்கு எந்த ஆண்டு மறுநடவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.